உன் கல்யாணத்துக்காக நான் தள்ளிப்போடவில்லை

என் சாமி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். காலையில்தான் போனில் பேசினோம். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ பாதியிலேயே புகுந்து, "ஒண்ணும் ஆவாதும்மா, இப்பெல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்குது" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். உன் ஆறுதல் முடிவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது, அல்லது மறந்த மாதிரி நடித்துப் போனை வைத்துவிடுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன். இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டுமானது இல்லை. உன் அப்பா படிக்கலாம், மருமகள் சௌமியா படிக்கலாம், உன் அப்பாவின் அக்கா, ராசிபுரத்து அத்தை கட்டாயம் படிக்க வேண்டும். நான் பொய்யை எல்லோர் நடுவிலும் வைத்துச் சொன்னேன். உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமாகாது.

போன வாரம் நீ ஒன்று சொன்னாய். "எங் கல்யாணத்தாலதானம்மா இவ்வளவு தூரம் வந்துருச்சு. ஒரு வருசம் கழிச்சுப் பண்ணிக்கறேன்னு நான் சொல்லியிருந்தா, நீ அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப" என்றாய். நான், "அதெல்லாம் இல்ல சாமி" என்றேன். அதை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்று யோசித்துப் பார். ஆமாம், உனக்காகத்தான், ஆனால் நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிற குரல். தியாகம் செய்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டாத அம்மாவின் குரல். போனை வைத்த பிறகு எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. உன் கல்யாணத்துக்காக நான் எதையும் தள்ளிப்போடவில்லை. அந்த ஸ்கேன் மெஷினுக்குப் பயந்து ஓடிவந்தேன். உன் கல்யாணம் நல்ல சாக்காகக் கிடைத்தது. ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டால் நீ நம்ப மாட்டாய், உன் மனம் தேறுவதற்காக அம்மா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து எழுதுகிறேன்.

வைகாசி கடைசியில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் வெளிப்பக்கமாக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று எத்தனை தடவை டி.வி.யில் கேட்டிருக்கிறேன். உன் அப்பா அப்போது மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அலைந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் நாமக்கல் போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சேலத்தில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள். வலித்தது, பொறுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த பெரிய டாக்டர், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், கூடவே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தால்தான் எதுவரைக்கும் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும் என்றார். ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை வரச் சொன்னார். முதலில் ஸ்கேன், பிறகு ஊசி. கல்யாணச் சேலை எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினேன். பொய் அன்றைக்கே தொடங்கிவிட்டது பார்.

உன் அம்மாவைப் பற்றி உனக்கு ஒரு எண்ணம் உண்டு. கோழி ஷெட்டில் நல்லபாம்பு புகுந்தால் ஆள்கள் எல்லாம் வெளியே நிற்க, கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவள் நான். முட்டை வண்டிக்காரர்கள் ட்ரே எண்ணிக்கையில் தகிடுதத்தம் செய்தால் நடு ரோட்டில் வண்டியை மறித்திருக்கிறேன். ஆனால் லிப்டில் நான் ஏறி நீ பார்த்திருக்கிறாயா? சேலத்துத் துணிக்கடைகளில் நாலு மாடியும் படியேறுவேன், கேட்டால் உடம்புக்கு நல்லது என்பேன். சுற்றுலா போனால் ஜன்னல் சீட்டுக்கு உன்னோடு சண்டை போடுவேன். குளியலறையில் தாழ்ப்பாள் போட மாட்டேன். ஆள் இருப்பது தெரியட்டும் என்று பாடிக்கொண்டே குளிப்பேன். அம்மா குஷியாக இருக்கிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்தப் பாட்டு எல்லாம் பயத்தில் பாடியது, சாமி. இதற்குப் பெயர் ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்று டாக்டர் இப்போது சொல்கிறார். பெயர் தெரியாமலே முப்பது வருடம் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடிந்ததால் எனக்கு அது பயம் என்றே தோன்றவில்லை, என் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்புக்கு ஸ்கேன் எடுப்பதென்றால் குப்புறப் படுக்க வேண்டும். இது எனக்கு முன்னால் தெரியாது. பலகையில் இரண்டு குழி இருக்கும், மார்பை அதில் விட்டு, முகத்தை ஒரு பஞ்சு வளையத்தில் புதைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிப் படுக்க வேண்டும். அசையக் கூடாது, அரை மணிக்கு மேல் ஆகும். காதில் பஞ்சு வைத்தார்கள், கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். "முடியலைன்னா இத அமுக்குங்கம்மா, உடனே வெளிய எடுத்துருவோம்" என்றாள் அங்கிருந்த பெண். பலகை உள்ளே நகர்ந்தது. முதுகுக்கு மேலே கூரை வந்துவிட்டது தெரிந்தது. தொடவில்லை, ஆனால் அதன் குளிர்ச்சி தெரிந்தது. என் மூச்சு பலகையில் பட்டு என் முகத்திலேயே சூடாக அடித்தது. இத்தனை வருடம் கோழியைக் கூண்டில் அடைத்துப் பிழைத்தோமே என்று அப்போது தோன்றியதா என்று யாராவது கேட்டால் அடிக்க வருவேன். அப்படி எதுவும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. வெளியே போக வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர என் மண்டையில் ஒன்றுமில்லை. மெஷின் சத்தம் தொடங்குவதற்கு முன்பே பந்தை அமுக்கிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பரவால்லம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு மறுபடி பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண். நான் சேலையைச் சரியாகக்கூடக் கட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றார்களே, அதற்கும் போகவில்லை. வெறும் கையோடு வீட்டுக்குப் போனால் சந்தேகம் வருமே என்று கடைவீதியில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் சேலையை எடுத்தேன். ராசிபுரத்து அத்தைக்கு எடுத்த அந்தப் பட்டு அதுதான். "இந்த மயில் கழுத்து நெறத்த எவ கட்டுவா, ஒரு நெறம் தெரியாதா உனக்கு" என்று அவர் கல்யாணம் முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை, இவன் இதைப் படிக்கிறபோது நீங்களும் கேளுங்கள். அன்றைக்கு எனக்கு நிறமே தெரியவில்லை.

பிறகு வந்த வாரம் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தோம். முதல் பத்திரிகை வைத்துவிட்டால் அது கல்யாண வீடு, இழவு வீட்டுக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிப் படி மிதிக்கக் கூடாது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இதையெல்லாம் நான் என்றைக்காவது மதித்திருக்கிறேனா? பத்திரிகை வைத்த மூன்றாம் நாள் பண்ணை ஆள் ஒருவருக்குக் கூண்டுக் கம்பியில் கை கிழிந்தபோது, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தது யார்? ஆனால் நாமக்கல் டாக்டரம்மா, ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை என்று போன் செய்தபோது, "பத்திரிக வெச்சாச்சுங்க. இனிக் கல்யாணம் முடிஞ்சுதானுங்க ஆஸ்பத்திரிக்கு வர முடியும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உடம்புக்கு மொகூர்த்தமெல்லாம் தெரியாதும்மா" என்றார். எனக்கு அது நன்றாகவே தெரியும். நம்பாத வழக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒருவர் பயத்தால் ஒதுங்குகிறபோது ஊர் வழக்கம் எவ்வளவு வசதியாக இடம் கொடுக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். உனக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். எதையாவது செய்யாமல் விடுவதற்கு உனக்கு மிக மரியாதையான ஒரு காரணம் கிடைத்தால், கொஞ்சம் நின்று அந்தக் காரணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தீவனக் குடோன் கதை. உனக்கு ஏழு வயது. பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நீ இல்லை என்று சாதித்தாய். உன்னைத் தீவனக் குடோனுக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பத்து நிமிடம். உள்ளிருந்து முதலில் கத்தினாய், பிறகு கதவைப் பிறாண்டினாய், பிறகு சத்தமே இல்லை. நான் வெளியே நின்று ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தேன். திறந்தபோது டிராயரை நனைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு நீ பொய் சொல்லவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தக் கதையை எத்தனை விசேஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு முதல்நாள் சௌமியாவின் சொந்தக்காரர்களிடமும் சொன்னேன். நீயும் சிரித்தாய். மெஷினிலிருந்து வெளியே வந்து தெருவில் நின்றபோது அந்தக் குடோன் கதவுதான் நினைவுக்கு வந்தது. சாமி, எனக்கு மூடின இடம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையை எப்படித் தண்டிப்பது என்று யோசித்தபோது, எனக்கு எது பயமோ அதைத்தான் உனக்கென்று எடுத்திருக்கிறேன். அடித்திருந்தால்கூட வலி ஒரு நாளில் போயிருக்கும். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு ஒரு குழந்தை பிறந்து அது எதற்காவது பயந்தால், அந்தப் பயத்தை விருந்தாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்லாதே.

ஆவணியில் உன் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது, நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதில் பொய் இல்லை. பந்தியில் நின்றபோதும் போட்டோவுக்கு நின்றபோதும் அந்தக் கட்டி என்னோடு நின்றது. புரட்டாசி போயிற்று. இப்போது வேறு என்ன சாக்கு? உன் கல்யாணம் முடிந்த பிறகும் நான் போகவில்லை என்பதை நீங்கள் யாருமே யோசித்துப் பார்க்கவில்லை. தீபாவளி முடிந்த வாரம், கட்டி இருந்த இடத்தில் தோல் உள்வாங்கிச் சுருங்கிவிட்டது. பயந்துபோய் உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் அன்றைக்கே வண்டியை எடுத்தார். சேலத்தில் அதே பெரிய டாக்டர். ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, கேன்சர்தான் என்றார். அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது என்றார். "அஞ்சு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அவர் முன்னால் நான், பக்கத்தில் உன் அப்பா, பின்னால் ராசிபுரத்து அத்தை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "பையனுக்குக் கல்யாணமுங்க டாக்டர். அது முடியட்டும்னு இருந்துட்டனுங்க" என்றேன். உன் அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருடத்தில் அந்த மனுசன் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அழுததைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்க அது பரவிவிட்டது. பெற்ற மகனுக்காக நோயை மறைத்த தாய். எனக்கே கேட்கக் கொஞ்சம் நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி சௌமியாவைப் பற்றி. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெங்களூர் ஆபீசில் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா, போன வாரம் இரண்டாவது முறை ஸ்கேனுக்குப் போனபோது அவள்தான் கூட வந்தாள். உன் அப்பாவுக்கு அன்று குஞ்சு லோடு வந்துவிட்டது. பஸ்ஸிலேயே நான் முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தைங்க, உங்களுக்கு அந்த மெஷினுன்னா பயமுங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்கேன் சென்டரில் அவளே போய், கூட ஒருத்தர் உள்ளே நிற்கலாமா என்று விசாரித்தாள். நிற்கலாம், ஆனால் நகை, ஊசி, பின் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, தாலியையும் கழற்ற வேண்டும் என்றாள் அந்தப் பெண். சௌமியாவுக்குத் தாலி பிரித்துக் கொடியில் கோர்த்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாள். மெட்டியையும் கழற்றினாள். எனக்கு மெட்டி விரலில் இறுகிவிட்டது. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்து, கைகழுவும் இடத்துச் சோப்பைப் போட்டு அவள்தான் உருவி எடுத்தாள்.

உள்ளே அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தடவை அழுத்துகிறேன், எண்ணிக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டிருந்தேன், கண் சொக்கியது. சத்தம் தொடங்கியது. தகரத்தை யாரோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் அழுத்த அழுத்த எண்ணினேன். ஐந்து வரைக்கும் நான் இருந்தேன். அப்புறம் சத்தம் மாறியது. மூக்கு அரித்தது, சொறிய முடியாது. தோள் மரத்துவிட்டது. என் மூச்சைத்தான் நானே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் நேரத்தில் அது தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அப்படி எதுவும் தீராது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் ஆறாவது தடவை அழுத்தினாள், நான் பந்தை அமுக்கிவிட்டேன். இன்னும் இருபது நிமிடம்தான் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். மறுபடி படுக்கப் போனேன். பலகையைத் தொட்டதுமே கால் பின்வாங்கிவிட்டது. உடை மாற்றும் அறையில் குழந்தை மாதிரி அழுதேன். ஒரு பக்கம் மெஷினுக்குப் பயம், இன்னொரு பக்கம் அந்த மெஷின் என்ன சொல்லப்போகிறதோ என்று பயம். எதற்காக அமுக்கினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

சௌமியா என் மெட்டியைத் திரும்பப் போட்டுவிட்டாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பித் தன் தாலியைப் போட்டுக்கொண்டாள். "ஊட்டுல யாருகிட்டயும் சொல்லாத அம்மிணி. மெஷினு ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்" என்றேன். "செரிங்க அத்தை" என்றாள். அது இரண்டாவது பெரிய பொய். இதற்கு அவளையும் கூட்டு சேர்த்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அத்தை வந்திருந்தார். ஸ்கேன் என்னாயிற்று என்று கேட்டார், மெஷின் ரிப்பேர் என்றேன். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னா பொல்லாப்பு. அவ காலெடுத்து வெச்சு மூணு மாசத்துல மாமியாளப் படுக்கப் போட்டுட்டா. கல்யாணப் பேச்சு எடுக்கையில வந்ததுதானே இந்தக் கட்டி? இப்பப் பாரு, அவ கூடப் போன அன்னைக்கு மெஷினே நின்னு போச்சு." சௌமியா உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் அப்போது வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் கையில் ஒரு முறுக்கு இருந்தது. அதைக் கடித்துத் தின்றேன். மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

என் பொய் இரண்டும் போய் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்துவிட்டன. நான் பயந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கல்யாணத்தைக் காட்டினேன், அதனால் கல்யாணப் பெண் குற்றவாளி. ஓடிவந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மெஷினைக் காட்டினேன், அதற்கும் அவளே குற்றவாளி. அத்தையை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் கையில் அந்த வார்த்தைகளைக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து மூன்று தடவை அவருக்குப் போன் செய்தேன், உண்மையைச் சொல்லத்தான். ஒரு தடவை முட்டை விலையைப் பற்றிப் பேசினோம், ஒரு தடவை அவர் முட்டி வலியைப் பற்றி. மூன்றாவது தடவை அவர் எடுத்ததும் நான் வைத்துவிட்டேன். சௌமியா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், எப்போதும் போல, "சாப்ட்டீங்களாங்க அத்தை" என்கிறாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீ குற்ற உணர்ச்சியில் மூழ்கிக் கிடக்கிறாய், அந்தக் கவலையில் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை வந்தாய், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாய். அவள் உன்னோடு எத்தனை வார்த்தை பேசினாள் என்று கவனித்தாயா? எங்கள் கல்யாணத்தால்தான் அம்மாவுக்கு இப்படி என்று நீ வாய்விட்டுச் சொல்லும்போது, அதைக் கேட்கிற அவளுக்கு எப்படி இருக்கும்? அத்தை சொன்னதற்கும் நீ சொல்வதற்கும் அவள் காதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

வியாழக்கிழமை காலை மறுபடி போகிறேன். மூன்றாவது தடவை. இந்தப் படம் இல்லாமல், எதுவரைக்கும் பரவியிருக்கிறது என்று தெரியாமல் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்கிறார் டாக்டர். இந்தத் தடவையும் முடியாவிட்டால் மயக்கம் கொடுத்து எடுக்கலாம், ஆனால் அதற்குக் கோயமுத்தூர் போக வேண்டும், அங்கே தேதி கிடைக்க நாளாகும். இருந்த நாளையெல்லாம் நான்தான் தின்று தீர்த்துவிட்டேன். அதனால் வீட்டில் பழகிப் பார்க்கிறேன். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொள்கிறேன், உன் அப்பா போனில் நேரம் பார்க்கிறார். அவரிடம் மட்டும் நேற்று பாதி உண்மையைச் சொன்னேன், பயமாக இருக்கிறது என்று. "அதுக்கென்ன அம்மிணி, பழகிக்கலாம்" என்றார். சௌமியா அந்த மெஷின் சத்தத்தையே எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்தாள். அதைச் சத்தமாகப் போட்டதில் பக்கத்து ஷெட்டில் கோழியெல்லாம் மிரண்டு கூச்சல் போட்டது. "சத்தத்தைக் கொறைங்க, கோழிக மெரண்டா நாளைக்கு முட்டை கொறஞ்சு போயிரும்" என்று உன் அப்பா பதறினார். கட்டிலுக்கு அடியில் நானும் சிரித்தேன். சிரித்தது, எல்லாம் சேர்த்து நான் இருந்தது நாலு நிமிடம். அதற்கு மேல் முடியவில்லை. கட்டிலுக்கு நாலு பக்கமும் திறந்திருந்தும் முடியவில்லை. மூச்சை இப்படி விடு, மனதில் இதை நினை என்று என்னென்னவோ சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் செய்து பார்க்கிறேன், சாமி. ஒன்றும் பிடிபடவில்லை. வியாழக்கிழமையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. தைரியமாக இரு என்று நீ சொல்வாய். எங்கே போய் வாங்கி வருவது என்றுதான் தெரியவில்லை.

அதனால் படுத்து முழுசாக ஸ்கேன் எடுத்துவிட்டு வருவேன் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முடிந்தால் முடிந்தது. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்வேன், மெஷின் மேல் பழி போட மாட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், அத்தையையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. என் வாயால் சொல்ல என்னால் முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். நடுவில் படிக்க முடியாமல் போனால் தண்ணீர் குடித்துக்கொள், வரியை விட்டுவிடாதே. முறுக்கைத் தின்றேன் என்ற இடத்தையும் விட்டுவிடாதே. சௌமியா சமையலறைக்குப் போகப் பார்ப்பாள், போக விடாமல் உன் பக்கத்தில் உட்கார வை. அத்தைக்குக் கோபம் வந்து எழுந்து போனால் போகட்டும். நீ நிறுத்தாதே. நான் எழுந்து போக மாட்டேன்.

உன் அம்மா